உப்புத் தண்ணீரும் இரண்டு வாரிங்டன்களும்

வீட்டில் முதன்முதலாக ஒரு சின்னப் பவளத் தொட்டி வைக்க முடிவெடுத்தவரிடம், எல்லாவற்றையும் விற்று முடித்த பிறகு கடைக்காரர் சொல்வது இதுதான்: "தொட்டி சைக்கிள் ஆகணும் சார். ஒரு மாசம் எதுவும் விடாதீங்க."

60 லிட்டர் கண்ணாடித் தொட்டி. அதற்கு 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே செயற்கைக் கடலுப்பு. ஆர்.ஓ. தண்ணீர், அலை கிளப்ப ஒரு சின்ன பம்பு, நீலமும் வெள்ளையும் கலந்த எல்.இ.டி. விளக்கு, ஏழெட்டு கிலோ காய்ந்த பாறை. சென்னை மாதிரி ஊர் என்றால் தண்ணீரை 26 டிகிரியில் நிறுத்திவைக்க ஒரு சில்லர். எல்லாம் பொருத்தியாயிற்று. உப்பு கரைந்து தண்ணீர் தெளிந்துவிட்டது. விளக்கு எரிகிறது. உள்ளே பாறை இருக்கிறது. வேறொன்றும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு "மீன் எங்க?" என்று கேட்பார்கள்.

அந்த மாதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று நடக்கிறது. ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிட்டால் அம்மோனியா ஏறும். சோதனைக் குழாயில் மஞ்சள் பச்சையாக மாறும். பிறகு அம்மோனியா இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். அதுவும் இறங்கும்போது நைட்ரேட் ஏறும். முதல் இரண்டும் மீனைக் கொல்பவை, மூன்றாவதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த நாளில்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டி உயிர் வாழத் தகுந்த இடமாகிறது. அதற்குள் பாறை முழுக்க பழுப்பாக ஒரு தூசுப்படலம் படிந்து, அப்புறம் பச்சைப் பாசி முளைத்து, பார்க்க அழுக்காக இருக்கும். அதுவும் நல்ல அறிகுறிதான். எங்களைப் போல மென்பொருளில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பிடிபடுவதில்லை. சர்வர் மக்கர் செய்தால் நிறுத்தி மறுபடி கிளப்பலாம். தொட்டியை அப்படிச் செய்தால் மறுபடியும் முதல் நாள்.

கடைக்காரர் ஒரு வரியில் சொல்லிவிடுகிற இந்த ஒரு மாதத்தைப் புரிந்துகொள்ள மனிதர்களுக்கு நூறு வருடங்களுக்கும் மேல் ஆயிற்று. அந்த நூறு வருடங்களில் விடை ஒரே குடும்பத்துக்குள் இரண்டு முறை வந்துபோனது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

கடல் உயிர்களைக் கண்ணாடிக்குள் வைத்துக் கவனித்த முதல் சிலரில் பெண்கள் இருவர் முக்கியமானவர்கள். சிசிலியின் மெஸ்ஸினாவில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் ழான் வில்ப்ரூ-பவர், 1830களில் ஆர்கோனாட் என்ற கணவாய் இனத்தைக் கண்ணாடித் தொட்டியிலும் கடலுக்குள் இறக்கிய கூண்டிலும் வைத்து, அது தன் ஓட்டைத் தானே செய்துகொள்கிறது என்று நிரூபித்தார். அதுவரை யாருடைய ஓட்டிலோ குடியேறும் பிராணி என்று அதைச் சந்தேகித்தவர்கள் உண்டு. அவருக்கு வாசலிலேயே கடல். தண்ணீர் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். தொட்டியின் உண்மையான சிக்கல் கடலை விட்டு விலகிய பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர் அன்னா தின். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் திருச்சபையின் உயர்பதவிப் பாதிரியார் ஒருவரின் மனைவி. 1846ல் டார்க்வே கடற்கரையில் கிண்ணம் போன்ற சிறு கற்பவளங்களைப் பார்த்து மயங்கி, அவற்றை லண்டனுக்குக் கொண்டுவர நினைத்தார். பயணத்தில் இடிபடாமல் இருக்க ஊசி நூலால் பஞ்சோடு சேர்த்துத் தைத்து, ஜாடியில் வைத்து எடுத்துவந்தார். பவளத்தைத் தைத்தவர் என்று வரலாற்றில் வேறு யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. கொண்டுவந்த பிறகு கடல்நீர் தீர்ந்துபோகக் கூடாது. அதனால் அதே நீரைத் திறந்த ஜன்னலோரம் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி, திரும்ப ஊற்றி, காற்றேற்றினார். நம் டீக்கடை மாஸ்டர் ஆற்றுவது மாதிரி, ஆனால் தினமும் அரைமணி, முக்கால் மணி நேரம். ஊற்றியது அவரல்ல, வீட்டு வேலைக்கார இளம்பெண். அவளுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது என்று அன்னா தின் பின்னர் எழுதினார். அவள் என்ன நினைத்தாள் என்பது பதிவில் இல்லை, பெயரும் இல்லை. இன்றைய தொட்டியில் 5 வாட் பம்பு செய்யும் வேலை அவளுடையது.

அடுத்த வருடம் கடற்பாசி ஒட்டிய கற்களை டார்க்வேயிலிருந்து வரவழைத்துத் தொட்டியில் போட்டார். அந்தப் பவளங்கள் ஏறக்குறைய மூன்று வருடம் உயிரோடு இருந்தன. பாசி தந்த ஆக்சிஜன்தான் காரணம் என்று நினைத்தார்கள். பாதி சரி. அந்தக் கற்கள் வேறெதையும் கூடவே கொண்டுவந்தன என்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அதோடு அவர் வைத்திருந்தது குளிர்கடலின் பவளம். அதன் உடலில் ஒளியில் உணவு தயாரிக்கும் நுண்பாசி கிடையாது. லண்டனின் மங்கல் வெளிச்சம் அதற்குப் பொருட்டே இல்லை. வெப்பமண்டலப் பவளம் ஒன்றை எடுத்து வந்திருந்தால் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது.

இப்போது முதல் வாரிங்டன். ராபர்ட் வாரிங்டன் லண்டன் மருந்து தயாரிப்பாளர் சங்கத்தின் வேதியியலாளர். அவர்களுடைய அப்பாத்திகரீஸ் ஹால் கட்டடத்தில்தான் குடும்பத்தோடு குடியிருந்தார். 1849ல் சுமார் 12 கேலன் பிடிக்கும் தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வேலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். செடி ஆக்சிஜன் தரும், மீன் மூச்சுவிடும், மீனின் கழிவு செடிக்கு உரம். கணக்கு நேராகத்தான் இருந்தது. ஆனால் செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகியதைத் தின்றன, நத்தையின் முட்டைகளை மீன் தின்றது, தண்ணீர் தெளிந்தது. 1850ல் இதை வேதியியல் சங்கத்தில் வாசித்தார். 'சமநிலை' என்ற சொல் தொட்டிக்குள் நுழைந்தது அப்போதுதான். செடி, மீன், நத்தை என்ற மூன்று பேர் கொண்ட ஒரு குடும்பம். அழகான சித்திரம், அதனாலேயே நீண்டகாலம் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. 1852ல் கடல்நீரிலும் இதே சோதனையைத் தொடர்ந்தார்.

அந்தக் காலம் இதற்குத் தோதாக இருந்தது. பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845ல் நீக்கப்பட்டிருந்தது. ரயில் கடற்கரை வரை போனது. 1853 மே மாதம் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் வீடு திறந்தார்கள், கூட்டம் அலைமோதியது. அடுத்த வருடம் ஃபிலிப் ஹென்றி காஸ் 'தி அக்வேரியம்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க வழங்கும் அந்தச் சொல்லை நிலைநிறுத்தியது அவர்தான். காஸ் ஆழ்ந்த மத நம்பிக்கை கொண்டவர். கடவுளின் கைவேலையைப் பாறைக்குழிகளில் தேடியவர். இயற்கையியல் எழுத்தில் அபாரமான கண். அவருடைய புத்தகத்தைப் படித்த நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் வாளியும் உளியும் எடுத்துக்கொண்டு டெவன் கடற்கரைக்குக் கிளம்பின.

காஸ் இன்னொன்றும் செய்தார். 1854ல் கடலே இல்லாமல் கடல்நீர் செய்தார். பிரைட்டன் கடல்நீரை ஷ்வைட்சர் என்ற வேதியியலாளர் ஏற்கனவே பகுத்து வைத்திருந்தார். அந்தப் பட்டியலைப் பார்த்து நான்கே உப்புகளைக் கலந்தார் காஸ்: சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. கலந்தவுடன் விலங்குகளை விடவில்லை. கடற்கரைக் கூழாங்கற்களையும் பாசி படிந்த கல்துண்டுகளையும் போட்டுச் சில நாட்கள் காத்திருந்தார். பாசியின் விதைகள் தண்ணீரைப் பக்குவப்படுத்தட்டும் என்பது அவர் எண்ணம். காரணம் பிழை, கைப்பழக்கம் சரி. இந்த வரலாறு முழுக்க இது திரும்பத் திரும்ப வரும். அவருடைய நான்கு உப்புகளில் கால்சியத்துக்கு இடமில்லை. கடல் அனிமோனுக்கு அது பெரிய குறையில்லை. எலும்பு கட்டுகிற பவளத்துக்கோ சுண்ணாம்பு இல்லாமல் சுவர் எழுப்பச் சொன்ன கதை.

கொஞ்ச வருடங்களில் டெவன் கரையின் பாறைக்குழிகள் காலியாயின. இதை நமக்குச் சொல்பவர் காஸின் மகன் எட்மண்ட். 1907ல் வெளியான 'ஃபாதர் அண்ட் சன்' என்ற தன்வரலாற்றில், சிறுவயதில் தந்தையோடு மண்டியிட்டுப் பார்த்த குழிகள் சேகரிப்பாளர்களின் படையெடுப்பில் அழிந்துபோனதை எழுதுகிறார். தன் புத்தகமே இதற்கு வழிவகுத்தது என்பதைத் தந்தை கண்கூடாகப் பார்க்க நேர்ந்தது என்றும். தந்தையின் மதத்தோடு கடைசிவரை முரண்பட்ட மகன், தந்தையின் துயரத்தை மட்டும் எந்தக் கேலியும் இல்லாமல் எழுதியிருக்கும் இடம் அது.

எடுத்துச் செல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை வரவேற்பறைகளில் செத்து நாறின. 1860களின் இறுதியில் மோகமும் தணிந்துவிட்டது. 1868ல் ஜே. ஜி. வுட் என்ற பாதிரியார் தொட்டி வளர்ப்புப் பற்றி எழுதிய புத்தகத்திலேயே அந்தப் பைத்தியம் முடிந்த கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

பெரிய தொட்டிகள் மட்டும் தாக்குப்பிடித்தன. அதற்கு வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு காரணம். லண்டனில் தொட்டிக் கடை வைத்திருந்தவர், 1864ல் ஹாம்பர்க்கிலும் 1871ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் கடல்நீர்க் காட்சியகங்களை அமைத்தார். மக்கள் பார்க்கும் தொட்டிகளுக்குக் கீழே, அவற்றைவிடப் பல மடங்கு பெரிய இருட்டு நீர்த்தேக்கம் ஒன்றைக் கட்டி, தண்ணீரை இடைவிடாமல் மேலும் கீழும் ஓட்டினார். எங்கோ ஒரு நண்டு செத்தால் அதன் நஞ்சு அவ்வளவு நீரிலும் கரைந்து ஒன்றுமில்லாமல் போகும். இருட்டில் பாசி வளராது. இன்று தொட்டிக்கடியில் அலமாரிக்குள் ஒளித்துவைக்கும் சம்ப் அவருடைய வாரிசு.

முதல் தொட்டியைச் சின்னதாக வாங்குவதில் இருக்கும் சிக்கல் இதுதான். சின்னது என்றால் சுலபம் என்றுதான் தோன்றும். 60 லிட்டரில் 3 லிட்டர் ஆவியானால் உப்பு ஆவியாவதில்லை, அப்படியே உள்ளே நிற்கும். லிட்டருக்கு 35 கிராம் இருந்தது ஏறக்குறைய 37 ஆகிவிடும். சித்திரை வெயிலில் மின்விசிறியின் கீழ் இதற்கு அதிக நாள் வேண்டாம். குறைந்த அளவுக்கு நல்லதண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத்தண்ணீர் ஊற்றக் கூடாது. இதைத் தினமும், வெளியூர் போகும் நாளிலும் யாராவது செய்ய வேண்டும். லாய்டின் இருட்டுத் தேக்கம் இருந்தால் 3 லிட்டரை யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

சரி, தண்ணீர் ஓடினது, காற்று கலந்தது, பாசியும் நத்தையும் இருந்தன. பிறகு ஏன் செத்தன? இதற்கான விடை தொட்டிக்காரர்களிடமிருந்து வரவில்லை. சாக்கடையிலிருந்து வந்தது.

1877ல் பிரான்ஸில் ஷ்லோஸிங், ம்யூண்ட்ஸ் என்ற இருவர் ஒரு நீளமான குழாயில் சுட்டெடுத்த மணலையும் கொஞ்சம் சுண்ணாம்புக்கல் பொடியையும் நிரப்பி, சாக்கடை நீரை மெல்ல மெல்ல அதன் வழியே விட்டார்கள். பாரிஸ் நகரத்துக் கழிவை மண் எப்படிச் சுத்தம் செய்கிறது என்பது அவர்கள் கேள்வி. 20 நாள் ஒன்றும் நடக்கவில்லை. மேலே போன அம்மோனியா அப்படியே கீழே வந்தது. அதன் பிறகு நைட்ரேட் வரத் தொடங்கியது. அம்மோனியா மறைந்தே போனது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்கும். இந்த 20 நாள் தாமதம் ஏதோ ஒன்று உள்ளே பிறந்து பெருகுவதைக் காட்டியது. உறுதிசெய்ய குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், நைட்ரேட் நின்றுவிட்டது. மயக்க மருந்துக்குக் கட்டுப்படுவது உயிர் மட்டுமே. பிறகு கொஞ்சம் மண் கழுவிய தண்ணீரை ஊற்றினார்கள், சில நாட்களில் மறுபடி ஆரம்பித்தது. கடைக்காரர் சொல்லும் "ஒரு மாசம்" முதன்முதலாக அளக்கப்பட்டது இந்தக் குழாயில்தான் என்பேன்.

இதை உடனே கையில் எடுத்தவர் இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வுப் பண்ணையில் வேலை செய்த ராபர்ட் வாரிங்டன். நத்தைத் தொட்டி வாரிங்டனின் மகன், அதே பெயர். 1849ல் அப்பாவின் தொட்டியில் தங்கமீன்கள் நீந்தியபோது பையனுக்குப் பதினொரு வயது. அதே வீடு. மகன் வாரிங்டன் 1878லிருந்து பத்து வருடங்களுக்கும் மேலாக இதே கேள்வியோடு உட்கார்ந்தார். அம்மோனியா நேரடியாக நைட்ரேட் ஆவதில்லை, நடுவில் நைட்ரைட் என்ற ஒரு படி இருக்கிறது, இரண்டு படிகளையும் வெவ்வேறு உயிரிகள் செய்கின்றன என்பதைப் பொறுமையாக நிறுவினார். அந்த உயிரிகளைப் பிரித்தெடுக்கவும் முயன்றார். அன்றைய வழக்கப்படி ஜெலட்டின் தட்டில் வளர்த்துப் பார்த்தார், வளரவில்லை. காரணம், அவை ஜெலட்டின் போன்ற உணவைத் தின்பவையே அல்ல. அம்மோனியாவை எரித்துக் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு, கரியமில வாயுவிலிருந்து தம் உடலைக் கட்டிக்கொள்பவை. இதைப் புரிந்துகொண்டு 1890ல் அவற்றைப் பிரித்தெடுத்தவர் வினோகிராட்ஸ்கி. புகழும் பெரும்பாலும் அவருக்கே போயிற்று. (2015ல் இன்னொரு திருப்பம். இரண்டு படிகளையும் தனியாகவே செய்து முடிக்கும் பாக்டீரியா இருப்பது தெரிந்தது. அதைக் கண்ட இடங்களில் ஒன்று மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டி.)

இன்று புதிதாகத் தொட்டி வைப்பவர் வாங்கும் மூன்று சோதனைப் புட்டிகளும், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், மகன் வாரிங்டனின் ஆய்வு வரிசைதான். அப்பா தொட்டியைச் செய்தார், அதை ஓட்டுவது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. நத்தை என்று நினைத்தார். மகன் ஓட்டுபவரைக் கண்டுபிடித்தார், வயல் மண்ணில். ஆனால் வேளாண்மையும் வீட்டு மீன்தொட்டியும் வேறுவேறு அலமாரியில் இருந்த விஷயங்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் வீட்டில் தொட்டி வைத்தவர்களிடையே செடியும் மீனும் நத்தையும்தான் பரவலான பேச்சு. துறைகளைப் பிரித்து வைத்ததால் என்ன விலை கொடுத்தோம் என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு குடும்பத்தை உதாரணமாகச் சொல்லலாம்.

1950களில் கடல்மீன் தொட்டி வைத்தவர்களின் இலக்கு சுத்தம். பவளத்தின் எலும்புக்கூட்டைப் பிளீச்சில் வெளுத்து அலங்காரமாக வைப்பார்கள். அதில் பாசி பிடித்தால் எடுத்து மறுபடி வெளுப்பார்கள். மீனுக்கு நோய் வந்தால் தாமிர மருந்து. அது நோய்க்கிருமியோடு முதுகெலும்பில்லாத எல்லா உயிரையும் கொல்லும். ஆக, உள்ளே மீன் மட்டும் இருக்கும், அதைச் சுற்றிப் பவளத்தின் பிணம்.

1961ல் 'டிராபிகல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்' என்ற அமெரிக்க இதழில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்ற சீன வம்சாவளி இந்தோனேசியர் ஒரு கட்டுரை எழுதினார். வடிகட்டி கிடையாது. கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறைகள், கடல்நீர், மெல்லிய காற்றுக்குமிழ், நல்ல வெளிச்சம். அவ்வளவுதான். அந்தத் தொட்டிகளில் பவளம் வாழ்ந்தது. படித்தவர்கள் பலர் நம்பவில்லை. நம்பிச் செய்துபார்த்தவர்களுக்கும் சரிவரவில்லை. பாறை நாள்கணக்கில் பயணம் செய்து வந்து சேரும்போது மேலிருந்த உயிரெல்லாம் செத்து அழுகியிருக்கும். வடக்கு நாட்டுக் குளிர்கால வெளிச்சம் போதவே போதாது. அவர் ஊரில் கிடைப்பது அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதால், முறையே தவறு என்று முடிவு கட்டியவர்களும் இருந்தார்கள்.

அவர் வைத்த பாறைதான் விடை. பவளப் பாறை ஒரு ரொட்டி மாதிரி, முழுக்கத் துளை. மேற்பரப்பில் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் வாரிங்டனின் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும். உள்ளே ஆக்சிஜன் குறைந்த துளைகளில் வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் குமிழாக வெளியே அனுப்பும். கழிவு தொட்டியை விட்டே போய்விடுகிறது. அன்னா தின் வரவழைத்த கற்களும், காஸ் போட்ட கூழாங்கற்களும் இந்த வேலையில் ஒரு பங்கைச் செய்திருக்க வேண்டும்.

வெளிச்சத்தின் கதையும் இதே மாதிரி தாமதமானது. வெப்பமண்டலப் பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிக்கு 1881லேயே கார்ல் பிராண்ட் பெயர் வைத்துவிட்டார். ஆனால் அந்தப் பாசி தயாரிக்கும் உணவில்தான் பவளம் பெருமளவு வாழ்கிறது, ஒளி இருக்கும்போது எலும்பு கட்டும் வேகம் பல மடங்கு கூடுகிறது என்பதெல்லாம் கதிரியக்கக் கார்பனையும் கால்சியத்தையும் வைத்து 1950களின் இறுதியில்தான் அளக்கப்பட்டது. பவளத்துக்கு வேண்டியது வெயில் என்று ஆனதும் தெருவிளக்கு அளவுக்குப் பிரகாசமான மெட்டல் ஹாலைடு விளக்குகள் வீட்டுக்குள் வந்தன.

இந்த எல்லா இழைகளும் ஒன்றுசேர்ந்தது மேற்கு பெர்லினில். கடலிலிருந்து வெகுதூரம், சுற்றிலும் சுவர் வேறு. 1970களிலும் 80களிலும் டீட்ரிச் ஸ்ட்யூபர் போன்றவர்கள் உயிர்ப்பாறை, கடும் வெளிச்சம், நுரையோடு கழிவை அள்ளி எடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் ஆகியவற்றைச் சேர்த்து அக்ரோபோரா போன்ற கிளைப்பவளங்களை வளர்த்தார்கள். அதோடு பீட்டர் வில்கென்ஸ் பரப்பிய ஒரு பழக்கம்: ஆவியாகும் நீருக்கு ஈடாக வெறும் நல்லதண்ணீர் ஊற்றாமல் சுண்ணாம்புத் தெளிவைச் சொட்டுச் சொட்டாக விடுவது. வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு, நீரில் கரைத்துத் தெளியவிட்டு மேலாக எடுத்தது. பவளம் எலும்பு கட்ட எடுத்துக்கொள்ளும் கால்சியத்தையும் காரத்தன்மையையும் அது ஒரே சமயத்தில் திரும்பக் கொடுத்தது. காஸ் விட்ட இடம் நிரம்பியது. கிளைகள் வளர்ந்தன, உடைத்து நண்பர்களுக்குக் கொடுத்தார்கள், அவை அங்கே வளர்ந்தன. இன்று கடைகளில் ஃபிராக் என்று விற்கும் துண்டுகள் இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி.

சுண்ணாம்பு என்றதும் மன்னார் வளைகுடாவைச் சொல்லாமல் போக முடியாது. பெர்லினில் சுண்ணாம்பைக் கொடுத்துப் பவளம் வளர்த்துக்கொண்டிருந்த அதே வருடங்களில், நம் கரையில் பவளத்தை எரித்துச் சுண்ணாம்பு எடுத்துக்கொண்டிருந்தோம். தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரையிலான தீவுகளைச் சுற்றிப் பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றிக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் ஆலைக்கும் அனுப்பினார்கள். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயச் சுவருக்கு அருகே நின்று பார்த்தால் கல்லில் பூ மாதிரி துளைகள் தெரியும், பவளம். பெயர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது கூலி வேலை, அலைக்குள் நின்று செய்யும் கடுமையான வேலை. ஆனால் பாறை போனபின் அலையைத் தடுக்க ஒன்றுமில்லை. வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் நீருக்குள் போய்விட்டன.

1986ல் அந்தப் பகுதி கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001ல் கற்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, புலிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. இங்கே முதல் தொட்டி வைப்பவர் சில்லர் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது இது. "ராமேஸ்வரம் பாறை, ஒரிஜினல்" என்று யாராவது காட்டினால் வாங்காமல் வந்துவிட வேண்டும். காய்ந்த செயற்கைப் பாறையும் புட்டியில் வரும் பாக்டீரியாவும் அதே வேலையைச் செய்யும், கொஞ்சம் கூடுதல் நாள் எடுக்கும், அவ்வளவுதான். மீனுக்கும் வழி இருக்கிறது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வணிகத்துக்காகப் பிலிப்பைன்ஸ் கடலில் சயனைடு தெளித்து மீன் பிடித்தார்கள். இந்தோனேசியாவின் பங்காய் கார்டினல் மீன் 1990களில் தொட்டிக்காரர்களின் கண்ணில் பட்டு, 2007க்குள் அருகிவரும் இனங்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. டெவன் கரையில் நடந்ததுதான், தூரம் மட்டும் கூடியிருக்கிறது.

கணக்கின் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். லண்டனில் லாய்டின் கிரிஸ்டல் பேலஸ் இருந்த குன்றிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஹார்னிமன் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஜேமி கிராக்ஸ் தலைமையில் 2012ல் தொடங்கிய திட்டத்தில், பவளங்களைத் தொட்டிக்குள்ளேயே கருமுட்டை விடச் செய்தார்கள். கடலில் பல பவளங்கள் வருடத்துக்கு ஒருமுறை, குறிப்பிட்ட நிலாவுக்குப் பிந்தைய சில இரவுகளில், ஒன்றாக முட்டையும் விந்தும் விடும். அதற்காகப் பவளங்களின் சொந்தக் கடலின் வெப்பம், பகல் நீளம், நிலா எழும் நேரம் எல்லாவற்றையும் கணினியால் தினம் தினம் மாற்றி லண்டனில் ஒரு கடல் வருடத்தை ஓட்டினார்கள். எனக்குத் தெரிந்து நிலாவை நிரலாக எழுதியவர்கள் அவர்கள்தான். அதே முறையின் துணையோடு 2019 ஆகஸ்டில் ஃப்ளோரிடா அக்வேரியத்தில் தூண் பவளம் ஆய்வகத்தில் முட்டையிட்டது. ஃப்ளோரிடாவின் கடலில் அந்த இனம் நோயால் ஏறக்குறைய அற்றுப்போய்க்கொண்டிருந்தது. நோய் பரவுவதற்கு முன்பே எடுத்து வைத்த பவளங்களைப் பாதுகாக்க, அமெரிக்காவின் உள்நாட்டு ஊர்களின் தொட்டிகளும் திறந்துவிடப்பட்டன. தொட்டிக்காரர்கள் ஐம்பது வருடமாகக் கற்ற கைவேலை, பாறை, வெளிச்சம், சுண்ணாம்பு, எல்லாம் அங்கே தேவைப்பட்டது.

2023 ஜூலையில் ஃப்ளோரிடாவின் தெற்கு முனையில் கடல் சூடேறியது. மனட்டீ பே என்ற ஆழமில்லாத விரிகுடாவில் 24ஆம் தேதி 38.4 டிகிரி பதிவானது. பவளத்திட்டுகளில் அவ்வளவு இல்லை, ஆனால் பவளம் வெளுக்க அவ்வளவு தேவையும் இல்லை. கோடையின் வழக்கமான உச்சத்துக்கு மேல் ஒரு டிகிரி சில வாரங்கள் நின்றாலே போதும். மறுசீரமைப்புக்காகக் கடலுக்கடியில் கயிறுகளிலும் சட்டங்களிலும் வளர்த்துக்கொண்டிருந்த பவளத் துண்டுகளை முக்குளிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் அறுத்தெடுத்து, ஈரம் காயாமல் பெட்டிகளில் வைத்து, படகில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கீஸ் கடல் ஆய்வகத்தில் நீளநீளமான தொட்டிகளில் வரிசையாக அடுக்கினார்கள். மேலே நிழல்வலை கட்டியிருந்தது, பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தொட்டிகளில் தண்ணீர் கடலைவிடக் குளிர்ச்சியாக இருந்தது.